சீசாவின் வயதும் உணவின் நலமும்

விளைந்த காலத்தில் மிகுந்ததை விளையாத காலத்துக்கெனச் சேமித்து வைப்பது மனித குலத்தின் தொன்மையான கலைகளுள் ஒன்று. தமிழ்நாட்டின் எல்லையை ஒட்டிக் கிடக்கும் பாலக்காட்டு மாவட்டத்தின் சித்தூர், கொல்லங்கோடு, முதலமடைப் பகுதிகளிலும், இடுக்கி மாவட்டத்தின் மறையூர், காந்தலூர், தேவிகுளம், மூணாற்றுப் பகுதிகளிலும் இக்கலை இன்றும் செழிப்புடன் விளங்குகிறது. முதலமடை மாந்தோப்புகளில் காய்க்கும் கண்ணிமாங்காய், பரணியில் உப்புநீருக்குள் அமிழ்ந்து அடுத்த ஆண்டு வரையில் காத்திருக்கிறது. பலாச்சுளை வற்றலாகிறது. மலைப்பகுதிகளில் இறைச்சி அடுப்புக்கு மேலே கட்டப்பட்டுப் புகையில் உலர்கிறது. காந்தலூர், வட்டவடைப் பூண்டு ஊறுகாயாகிறது.

இவற்றோடு அண்மைக் காலத்தில் மற்றொரு முறையும் இல்லங்களில் புகுந்துள்ளது. காயையோ, காளானையோ, மூங்கில் குருத்தையோ, இறைச்சியையோ கண்ணாடிச் சீசாவில் இட்டு, கொதிநீரில் வைத்து, சூட்டோடு மூடியைத் திருகிக் காற்றுப் புகாதபடி அடைத்து வைக்கும் முறையே அது. மேனாடுகளில் இது வீட்டுக்கு வீடு பழகிய வழக்கம். நம் நாட்டில் பயிற்சி வகுப்புகளின் வாயிலாகவும், பிறர் செய்வதைக் கண்டும், இது மெல்ல மெல்லப் பரவி வருகிறது.

அலமாரியின் பின்வரிசையிலிருந்து ஐந்தாண்டுக்கும் பத்தாண்டுக்கும் முந்திய சீசா ஒன்று வெளிப்படும்போது, அதை உண்ணலாமா என்னும் வினா எழுகிறது. முதியோர், “பழகப் பழகத்தான் சுவை, நம் முன்னோர் உண்ணாததா?” என்பர். இளைஞர், “பழையது எல்லாமே நஞ்சு, கொட்டிவிடுங்கள்” என்பர். ஊன்றி நோக்கின் இருசாராரும் ஒரே பிழையைச் செய்வது விளங்கும். இருவரும் சீசாவின் வயதையே கேட்கின்றனர். கேட்க வேண்டியதோ அதனைக் காத்து நிற்பது எது என்பதே.

வயது மட்டும் கொல்வதில்லை

அமெரிக்காவின் மிசௌரி ஆற்றில் ‘பெர்ட்ராண்டு’ என்னும் நீராவிக் கப்பல் 1865-ஆம் ஆண்டில் மூழ்கிப்போயிற்று. 1968-இல் அது சேற்றினுள்ளே கண்டுபிடிக்கப்பட்டது. அதிலிருந்த பீச் பழம், தக்காளி, சிப்பியிறைச்சி முதலியவற்றின் அடைப்புகளை 1974-இல் இரசாயன அறிஞர்கள் திறந்து சோதித்தனர். நூறாண்டு கடந்த அவ்வுணவுகளில் நிறமும் மணமும் கெட்டிருந்தன. சில வைட்டமின்கள் பெரிதும் குறைந்திருந்தன. ஆயினும் கிருமிகள் வளர்ந்ததற்கான அறிகுறி இல்லை.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 2015-ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், மாதாகோவில் விருந்து ஒன்றில் கலந்துகொண்டவர்களில் 29 பேர் கொடிய நரம்பு நோய்க்கு ஆளாயினர். அவர்களில் ஒருவர் இறந்தார். வீட்டில் அடைத்து வைத்த உருளைக்கிழங்கிலிருந்து செய்த பதார்த்தமே அதற்குக் காரணமாயிற்று. அந்தக் கிழங்கு நூறாண்டுப் பழமையானதன்று. அழுத்தக் கலத்தில் வேகவைக்க வேண்டியதைத் திறந்த கொதிநீரில் வேகவைத்ததே அங்கு நேர்ந்த குறை.

நூறாண்டு உணவில் கிருமி வளரவில்லை. வீட்டுச் சீசாவோ உயிரைக் குடித்தது. ஆகவே, வயதை அளவுகோலாகக் கொள்வது பொருந்தாது என்பது தெளிவு.

கண்ணுக்குத் தெரியாத பகைவன்

இந்நோய்க்கு ‘பாட்டுலிசம்’ என்று பெயர். அதனை விளைவிக்கும் கிருமி ‘கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம்’. ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க் பகுதியில், இறைச்சியடைத்த குடற்பண்டத்தை உண்டோர் மடிந்ததைக் கெர்னர் என்னும் மருத்துவர் 1820-ஐ ஒட்டிய ஆண்டுகளில் விரிவாக ஆராய்ந்தார். 1895-இல் பெல்ஜியத்தில், இழவு வீட்டில் பன்றியிறைச்சி உண்ட வாத்தியக்காரர்கள் சிலர் இறந்ததையடுத்து, வான் எர்மெங்கெம் என்னும் அறிஞர் அக்கிருமியைப் பிரித்தெடுத்தார். அந்த இறைச்சி உப்பிட்டதே. உப்பு இட்டால் மட்டும் போதாது, இட வேண்டிய அளவு இட வேண்டும் என்பதற்கு அதுவே முதற் சான்று.

இக்கிருமி மண்ணில் வாழ்வது. கிழங்கிலும் பூண்டிலும் குருத்திலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வருவது. காற்றுள்ள இடத்தில் இது வளராது. ‘ஸ்போர்’ எனப்படும் வித்தாகச் சுருண்டு உறங்கிக் கிடக்கும். அந்நிலையில் அதை உண்டாலும் நலமுள்ள பெரியவர்களுக்குப் பெரும்பாலும் தீங்கில்லை. காற்றற்ற, ஈரமுள்ள, புளிப்பில்லாத, உப்புக் குறைந்த இடம் வாய்த்தால் மட்டுமே அந்த வித்து விழித்தெழுந்து வளர்ந்து நஞ்சைக் கக்கும். மனிதன் அறிந்த நஞ்சுகளிலேயே மிகக் கொடியவற்றுள் அது ஒன்று. அந்நஞ்சு கலந்த உணவின் சுவையும் மணமும் எப்போதும் மாறிவிடும் என்று சொல்வதற்கில்லை. மூடி உப்பாமலும், நாற்றமே இல்லாமலும் நஞ்சு இருக்கக்கூடும். விரலால் தொட்டு நாவில் வைத்துப் பார்க்கும் பழக்கமே ஒருவரை நோயில் வீழ்த்தப் போதுமானது.

நோயின் குறிகள் பெரும்பாலும் 12 மணி முதல் 36 மணி நேரத்துக்குள் தோன்றும். பார்வை இரட்டையாகும், இமை தொங்கும், நாக்குக் குழறும், விழுங்க இயலாது. பின்னர் தளர்ச்சி கழுத்திலிருந்து கீழ்நோக்கி இறங்கி, மூச்சு விடும் தசைகளையும் செயலிழக்கச் செய்யும். காய்ச்சல் இராது, அறிவு தெளிவாகவே இருக்கும்.

‘இந்நோய் மேனாட்டாருக்கே உரியது’ என்று வாளாவிருத்தல் கூடாது. 1996-ஆம் ஆண்டு செப்டம்பரில் குஜராத்தில் ஓர் உறைவிடப் பள்ளியின் மாணவர்கள் 34 பேர் நோயுற்றபோது, பாட்டுலிசம் என்றே ஐயம் எழுந்தது. எஞ்சியிருந்த கடலைமாவுச் சேவிலிருந்து, இதே நஞ்சைத் தரவல்ல, இக்கிருமிக்கு உறவான மற்றொரு கிருமி பிரித்தெடுக்கப்பட்டது.

பரணியைக் காப்பது மூடியன்று

முன்னோர் உண்டு நலமாக இருந்தனர் என்பது உண்மை. ஆனால் அவர்கள் உண்டது எது? உப்புமாங்காய், எலுமிச்சை ஊறுகாய், நாரத்தங்காய், வற்றல், கருவாடு, புகையிட்ட இறைச்சி ஆகியவை. பரணியின் வாயைச் சீலை கட்டி மூடினும், உள்ளிருப்பதைக் காப்பது அந்த மூடியன்று. உப்பும் புளிப்புமே காவல். பி.எச். எனப்படும் அமில அளவு 4.6-க்குக் கீழே இருக்குமானால் இக்கிருமி வளராது. மாங்காயின் இயல்பான புளிப்பு அந்த எல்லைக்கும் மிகக் கீழே நிற்பது. உணவின் நீர்ப்பகுதியில் உப்பு நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவில் இருந்தாலும் இது வளர இயலாது. வற்றலிலோ அது வாழ்வதற்கு வேண்டிய ஈரமே இல்லை. இம்மூன்று காவலருள் ஒருவரேனும், பெரும்பாலும் இருவர், பழைய சேமிப்புகள் ஒவ்வொன்றிலும் நிற்பதைக் காணலாம்.

புதிய கண்ணாடிச் சீசாவில் அடைத்த பீன்ஸிலும் காளானிலும் மூங்கில் குருத்திலும் கோழிக்குழம்பிலும் இந்தக் காவலர் எவரும் இல்லர். அங்குச் சூடு ஒன்றே காவல். அந்தச் சூடு போதாமற்போனால், காற்றை வெளியேற்றி இறுக மூடிய சீசாவானது அக்கிருமிக்கென்றே கட்டிக்கொடுத்த வீடாகிவிடும். பழைய நம்பிக்கை பழைய பண்டத்துக்கே உரியது; அதைப் புதிய சீசாவுக்கு மாற்றிக் கொடுப்பதற்கில்லை.

2006-ஆம் ஆண்டு மார்ச்சில் தாய்லாந்தின் நான் மாகாணத்தில் நிகழ்ந்ததை மலைநாட்டு மக்கள் யாவரும் அறிந்திருத்தல் நலம். ஊர்த் திருவிழா ஒன்றில், வீட்டு முறையில் தகர டப்பாக்களில் அடைத்து வைத்த மூங்கில் குருத்தை உண்டோர் 209 பேர் நோயுற்றனர். அவர்களில் 42 பேருக்குச் செயற்கைச் சுவாசக் கருவி தேவைப்பட்டது. நஞ்சுமுறி மருந்து வெளிநாடுகளிலிருந்து விமானத்தில் வரவழைக்கப்பட்டது. பெருமுயற்சியால் எவரும் உயிரிழக்கவில்லை. மூங்கில் குருத்தைச் சமைக்கும் வழக்கம் பாலக்காட்டு, இடுக்கி மலைகளிலும் உண்டு. ஆயின் இருப்புப்பாதையே இல்லாத மாவட்டம் இடுக்கி. ஒரே இரவில் பலருக்குச் சுவாசக் கருவி வேண்டியதாயின், வளைந்து நெளிந்து இறங்கும் மலைச்சாலையில் எத்தனை பேரை உரிய காலத்தில் கொண்டு சேர்க்க முடியும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பூண்டைப் பற்றியும் ஒரு சொல். 1985-இல் கனடாவின் வான்கூவர் நகரில் ஓர் உணவு விடுதியில் உண்ட 36 பேர் இந்நோய்க்கு ஆளாயினர். எண்ணெயில் இட்டுச் சீசாவில் அடைத்த பூண்டே காரணம். பூண்டில் புளிப்பு இல்லை. எண்ணெய் காற்றைத் தடுத்துவிடுகிறது. வினிகரோ எலுமிச்சைச் சாறோ போதிய அளவு சேர்த்த பூண்டு ஊறுகாய் வேறு. வெறும் எண்ணெயில் மிதக்கும் பச்சைப்பூண்டு வேறு. புவிசார் குறியீடு பெற்ற காந்தலூர், வட்டவடைப் பூண்டை விற்போரும் வாங்குவோரும் இவ்வேறுபாட்டை உணர்ந்திருத்தல் வேண்டும்.

மலையில் தண்ணீர் விரைவில் கொதிக்கும்

இனி, எல்லைப் பகுதிக்கே உரிய ஓர் உண்மையைக் கூற வேண்டும். பயிற்சி ஏடுகளில் அது போதிய இடம் பெற வேண்டும் என்பதே இக்கட்டுரையின் முக்கிய வற்புறுத்தல்.

பாலக்காட்டு நகரம் கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் உள்ளது. அங்குத் தண்ணீர் ஏறத்தாழ 100 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கும். மூணாறோ ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பது. உயரம் கூடக் கூடக் காற்றின் அழுத்தம் குறைவதால், ஒவ்வொரு 300 மீட்டருக்கும் கொதிநிலை ஏறத்தாழ ஒரு டிகிரி இறங்குகிறது. ஆகவே மூணாற்றில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அடுப்பை எவ்வளவு எரித்தாலும் திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் சூடேறாது. மலையில் பருப்பு வேகக் காலம் பிடிப்பதைத் தாய்மார்கள் அறிவர், காரணம் இதுவே.

ஐந்து டிகிரிதானே என்று எண்ணலாகாது. 1922-ஆம் ஆண்டில் எஸ்டி, மேயர் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் கண்ட முடிவின்படி, இக்கிருமியின் வித்துகளை 100 டிகிரியில் அழிக்க ஐந்தரை மணி நேரம் வரையில் வேண்டியிருந்தது. 120 டிகிரியிலோ ஏறத்தாழ நான்கு நிமிடமே போதுமாயிற்று. உஷ்ணநிலை பத்து டிகிரி இறங்கும்போது வேண்டிய நேரம் ஏறக்குறையப் பத்து மடங்காகிறது என்பது பொதுக் கணக்கு. ஐந்து டிகிரி இறங்கினால் மூன்று மடங்கு. எனவே பாலக்காட்டிலேயே போதாத கொதிநீர், மூணாற்றில் இன்னும் போதாததாகிறது. ஒரே கைச்சீட்டைச் சமவெளியிலும் மலையிலும் விநியோகிப்பது எவ்வளவு பொருந்தாத செயல் என்பதை இக்கணக்கு காட்டும்.

‘வீட்டுக் குக்கர் இருக்கிறதே, அதில் வைத்தால் என்ன?’ என்று சிலர் கேட்கக்கூடும். அழுத்தத்தினால் 120 டிகிரியை எட்டலாம் என்பது மெய்யே. ஆனால் அடைப்புணவுக்கென விதிக்கப்பட்ட நேரங்கள், மெல்லச் சூடேறி மெல்ல ஆறும் பெரிய கலங்களைக் கொண்டு கணக்கிடப்பட்டவை. சமையலுக்கான சிறு குக்கர் விரைவில் சூடேறி விரைவில் ஆறுவதால், சீசாவின் நடுப்பகுதியை அடையும் வெப்பம் குறைந்துபோகலாம். ஆகவே அதனைப் புளிப்பில்லா உணவை அடைக்கும் சாதனமாகக் கொள்ளலாகாது என்பதே வல்லுநர் கருத்து.

என் செய்வது?

முதலாவது, பழைய சீசா எதிர்ப்பட்டால் அதன் வகையை நோக்குக. புளிப்பும் உப்பும் நிறைந்த ஊறுகாயாயின், பூசணம் பிடிக்காமல், மூடி துருப்பிடிக்காமல், சிக்கெடுக்காமல் இருப்பின், ஆண்டு பலவானாலும் இந்நஞ்சைப் பற்றிய அச்சம் பெரிதும் இல்லை. சுவையும் சத்தும் குறைந்திருக்கலாம், அது வேறு. பூசணம் படர்ந்திருப்பின் மேலேட்டை மட்டும் வழித்தெறிந்து உண்ணும் வழக்கத்தைக் கைவிடுக. பூசணம் புளிப்பைத் தின்று குறைத்து, தடுத்து வைத்திருந்த கிருமிகளுக்கு வழி திறந்துவிடும். சில பூசணங்கள் தாமே நஞ்சு தருவன.

இரண்டாவது, காய், கிழங்கு, காளான், குருத்து, இறைச்சி, மீன் ஆகியவற்றை வெறும் கொதிநீரில் வைத்து அடைத்த சீசாவாயினும், எவ்வாறு அடைத்தது என்று அறிய இயலாத சீசாவாயினும், அது பத்தாண்டுப் பழமையானாலும் பத்து வாரத்ததானாலும் உண்ணலாகாது. சுவைத்தும் பார்க்கலாகாது. கோழிக்கும் கால்நடைக்கும் இடலாகாது. அவையும் இந்நோய்க்கு ஆளாகக்கூடியவையே. திறவாமலே உறையிலிட்டு அப்புறப்படுத்துக. சிந்தியிருப்பின் பிளீச்சிங் பவுடர் கரைசலால் துடைத்துக் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுக.

இங்கு ஓர் ஐயம் எழலாம். நஞ்சு கொதிக்க வைத்தால் அழியுமே என்பர். வித்து வேறு, நஞ்சு வேறு. வித்து கொதிநீருக்கு அஞ்சாதது. நஞ்சோ 85 டிகிரியில் ஐந்து நிமிடத்தில் சிதைந்துவிடும். அதனால்தான் முறையாக அடைத்த புளிப்பில்லா உணவையும் உண்ணுமுன் பத்து நிமிடம் கொதிக்க வைக்க வேண்டும் என்றும், ஒவ்வொரு ஆயிரம் அடி உயரத்துக்கும் ஒரு நிமிடம் கூட்ட வேண்டும் என்றும் விதித்துள்ளனர். மூணாற்றுக்கு அது 15 நிமிடம் ஆகும். ஆனால் இது நல்ல உணவுக்கு இடும் இரண்டாவது பூட்டு. ஐயத்துக்குரிய உணவை மீட்கும் மருந்தன்று.

மூன்றாவது, இக்காலத்தில் இரத்த அழுத்தத்தை எண்ணி ஊறுகாயில் உப்பைக் குறைக்கின்றனர். அது வரவேற்கத் தக்கதே. ஆயின் உப்பைக் குறைத்தவர் காலத்தையும் குறைத்தல் வேண்டும். காவலரில் ஒருவரை நீக்கிவிட்டு, பாட்டியின் பரணியைப் போலவே ஈராண்டு காக்கும் என எதிர்பார்ப்பது முறையன்று. அத்தகைய ஊறுகாயைப் புளிப்புக் குறையாமல் சிறிதளவே செய்து, குளிர்ப்பெட்டியில் வைத்து விரைவில் தீர்த்துவிடுதல் நன்று.

நான்காவது, பயிற்சி அளிப்போரின் கடமை. மைசூரில் 1950-இல் தொடங்கப்பெற்ற மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் பழங்களையும் காய்களையும் பாதுகாக்கும் முறைகளில் நாட்டுக்கு வழிகாட்டி வந்துள்ளது. இடுக்கியில் சாந்தன்பாறையிலும், பாலக்காட்டில் பட்டாம்பியிலும் வேளாண்மை அறிவியல் நிலையங்கள் உள்ளன. 1998-இல் தோன்றிய குடும்பஸ்ரீ இயக்கத்தின் மகளிர் குழுக்கள் ஊர்தோறும் உள்ளன. இவை யாவும் ஒன்றுகூடி, மலைக்கெனத் தனிக் குறிப்பேடு ஒன்றை வெளியிடுதல் சாலப் பொருந்தும். அதன் முதற் பக்கத்தில் இருக்க வேண்டியது ஒரே விதி: புளிப்புள்ளதை மட்டுமே கொதிநீரில் அடைக்கலாம், புளிப்பில்லாததை உலர்த்துக, உப்பிடுக, அல்லது புளிக்கச் செய்க, அடைக்கற்க. அது மலையாளத்தில் மட்டுமன்றித் தமிழிலும் வெளிவருதல் வேண்டும். தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளிலும் சித்தூர் வட்டத்திலும் தமிழ் பேசும் தாய்மார்கள் மிகுதியாக உள்ளனர். உயிர் காக்கும் செய்தியைத் தாய்மொழியில் பெறுவது அவர்களுக்குரிய உரிமை.

ஐந்தாவது, சீசா ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு ஒட்டுக. அதில் தேதி மட்டும் போதாது. எப்பொருள், எம்முறை, எவ்வளவு நேரம் என்பனவும் இருத்தல் வேண்டும். தேதி வயதைச் சொல்லும். முறையே நலத்தைச் சொல்லும். பெயரும் முறையும் அற்ற சீசா, எவ்வளவு பளபளப்பாயினும், நம்பத் தக்கதன்று.

உணவைக் கொட்டுவது பாவம் என்னும் எண்ணம் நம் மக்களிடையே ஆழ வேரூன்றியது. பஞ்சங்களைக் கண்ட நாட்டில் அது இயல்பு. போற்றற்குரிய பண்பும் ஆகும். ஆனால் அன்னத்தை மதிப்பது என்பது அதை உண்போரின் உயிரை மதிப்பதும் அன்றோ? ஒரு சீசாவைப் புதைப்பதனால் நேரும் நட்டம் ஒரு கூடைக் காயின் விலை. அதைப் பரிமாறுவதனால் நேரக்கூடிய நட்டத்துக்கு விலையே இல்லை. எல்லைப்புற மலைகளில் வாழும் தாய்மார்கள், பரணியின் பழைய அறிவைக் கைவிட வேண்டியதில்லை. அது உப்பினாலும் புளிப்பினாலும் வெயிலினாலும் நிலைபெற்ற அறிவு என்பதை உணர்ந்து, அவை இல்லாத இடத்தில் அதை நம்பாதிருந்தால் போதும்.